வக்கீலுக்குக் காய்ச்சல்

கிரிமினல் வக்கீலைப் போலச் சட்டத்தை மதிப்பவர் யாருமில்லை. வந்திருக்கும் சாட்சிகளை விசாரித்து முடிக்கும்வரை வழக்கு அன்றாடம் நடக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346ஆம் பிரிவு. வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது வாய்தாவுக்குக் காரணமாகாதாம். சரி, நம்மவர் வேறு கோர்ட்டில் இருப்பதே இல்லை. அவருக்குக் காய்ச்சல். சைதாப்பேட்டையில் காய்ச்சல், எழும்பூரில் இடுப்புப் பிடிப்பு, ஜார்ஜ் டவுனில் நெஞ்சுவலி. எல்லாம் ஒரே காலையில். அந்த உடம்பை மருத்துவக் கல்லூரிக்குத்தான் எழுதிவைக்க வேண்டும்.

விளம்பரம் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி 36. அவர் எங்கே விளம்பரம் செய்தார்? மந்திரிக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னார். சுவரொட்டியில் மந்திரி தபால்தலை அளவு, கறுப்புக் கோட்டில் இவர் ஆளுயரம். கீழே செல் நம்பர். மந்திரி நன்றி சொல்ல வேண்டாமா?

2024 ஜூலையில் மோசடிக்கான பிரிவு 420 போய் 318 வந்தது. பழைய கட்சிக்காரர் ஒருவர் கலங்கிவிட்டார்: "சார், இனிமே ஊர்ல என்னை எப்படிக் கூப்பிடுவாங்க?" அதற்கும் தனி ஃபீஸ் வாங்கி ஆறுதல் சொன்னார்.

அந்த ஃபீஸ் செக் பவுன்ஸ் ஆனது. செக் பவுன்ஸுக்கான 138ஆம் பிரிவில் வழக்குப் போட்டார். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். ஒரு வருஷம் கழித்துத்தான் இவர் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல், இவரிடமே தொழில் பழகிய தம்பி, எழுந்து நின்று பலமாக இருமினார்.

விரைவான நீதி அடிப்படை உரிமை என்று நம்மவர் கூண்டிலிருந்தே அரை மணி நேரம் முழங்கினார். நீதிபதி உருகிப்போனார். வாய்தா, பொங்கல் கழித்து.