பச்சைப்பால் பக்தர்களுக்கு

நகரத்தில் புதுப் பக்தி ஒன்று கிளம்பியிருக்கிறது. பாலைக் காய்ச்சினால் அதிலுள்ள 'உயிர்' போய்விடுமாம். ஆகவே கண்ணாடி பாட்டில், கழுத்தில் சணல் கயிறு, மேலே பசு படம், பாக்கெட் பாலைவிடக் கூடுதல் விலை. உயிர் இருக்கலாம்தான். புருசெல்லாவும் ஓர் உயிர்தானே!

ஒரு பொங்கு பொங்கவிட்டால் செத்துப்போகும் கிருமி அது. அந்தக் கிருமி தரும் மால்டா தீவின் காய்ச்சலுக்கு ஆட்டுப்பாலே காரணம் என்று தெமிஸ்டோக்ளிஸ் ஸாமிட் 1905-லேயே கண்டுபிடித்துவிட்டார். மறுவருடம் ஆங்கிலேயப் பட்டாளத்துக்கு அந்தப் பாலை நிறுத்தினார்கள். சிப்பாய்களுக்குக் காய்ச்சல் குறைந்தது. ஊர் ஜனங்கள் மட்டும் பழைய பாலையே குடித்தார்கள். துப்பாக்கி தூக்குகிறவனின் மூட்டுவலிதானே சர்க்காருக்கு வலி!

நம் ஊருக்கு வாருங்கள். இதே கிருமியால் ஏழாம் மாதம் மாடு கன்று வீசுகிறது. இளங்கொடி விழவில்லை. வீட்டுக்காரர் வெறுங்கையை முழங்கைவரை விட்டு இழுக்கிறார். கொடி வைக்கோலில் சுற்றி ஆலமரத்துக்கு. வீசிய கன்று தெருநாய்க்கு. மாடு அடுத்த சந்தைக்கு. "நல்ல கறவைங்க, ரொம்ப சாது." நோய் இலவச இணைப்பு.

கைவிட்டு இழுத்தவருக்குச் சாயங்காலம் காய்ச்சல் ஏறுகிறது, இரவெல்லாம் வியர்வை. டைபாய்டு என்று ஊசி, மலேரியா என்று மாத்திரை. இடுப்பு பிடித்துக்கொண்டால் "வயசாச்சில்ல". "வீட்டுல மாடு இருக்கா? கன்னு வீசுச்சா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மாடு வேறு டிபார்ட்மென்ட்! கேட்டிருந்தால், ஆறு வாரம் இரண்டு மருந்தில் முடிந்திருக்கும்.

மத்திய அரசு 2019-ல் கோமாரிக்கும் இந்தப் புருசெல்லா நோய்க்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 4 முதல் 8 மாதக் கிடேரிக்கு ஆயுளுக்கு ஒரே ஊசி. நல்லது. ஏற்கெனவே நோயோடு நிற்கிற மாட்டுக்கு? வடக்கே பல மாநிலங்களில் கொன்றால் ஜெயில், வைத்திருந்தால் நஷ்டம். கயிற்றை அவிழ்த்துத் தெருவில் விட்டால் மட்டும் கோமாதா பக்தி குறைவதில்லை.

பச்சைப்பால் வியாபாரிகளே, பாலில் வண்ணமேற்றிய சோதனைத் திரவத்தை ஒரு துளி விட்டு வைத்தால், நோயுள்ள மந்தையை மேலே மிதக்கும் கொழுப்பில் ஏறும் வண்ண வளையம் காட்டிக்கொடுக்கும். செலவும் அதிகமில்லை. பாட்டிலில் பசு படம் ஒட்டியது போதும், அந்தச் சோதனைச் சீட்டை ஒட்டுங்கள் பார்க்கலாம். ஒட்ட மாட்டீர்கள். சோதித்திருந்தால் அல்லவா சீட்டு இருக்கும்!