புருவம் ஏறினால் பாஸ்

ஜவ்வாது மலையில் இருக்கும் நெல்லிவாசல்நாட்டு டீக்கடை டிவியில் காமெடி ஓடினால் யாரும் உடனே சிரித்துவிட மாட்டார்கள். முதலில் மாமாவின் முகத்தைப் பார்ப்பார்கள். இடது புருவம் கொஞ்சம் ஏறினால் ஜோக் பாஸ். மூக்கிலிருந்து ஒரு 'ம்' வந்தால் பார்டரில் பாஸ். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டாரோ, போச்சு, "இதுல இன்னா தப்புன்னா..." என்று விளக்கவுரை தொடங்கும். அது முடிவதற்குள் டிவியில் இன்னும் நாலு ஜோக் சிரிப்பாரின்றி ஓடிப்போயிருக்கும். காமெடிக்கு டைமிங்தான் உயிர் என்பது அந்த உரையின் சாரம்.

யாருக்கு மாமா என்று கேட்கக் கூடாது. பாதி மலைக்கு மாமா. வயது நாற்பதைத் தொடவில்லை. ஆனாலும் வாயைத் திறந்தால் "அந்தக் காலத்துல" என்பார். அவருடைய அந்தக் காலம் எம்.ஜி.ஆர். காலம்கூட இல்லை. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவசக் கலர் டிவி கொடுத்ததே, அதுதான் அவருக்குச் சங்ககாலம். வீட்டுக்குப் பெட்டி வந்தது, கூரைமேல் குடை டிஷ் ஏறியது, மாமாவுக்கு மீசையும் அரும்பியது. விஜய் டிவியின் 'லொள்ளு சபா'வில் சந்தானம், சுவாமிநாதன், மனோகர் கோஷ்டி பெரிய பெரிய ஹீரோக்களின் படங்களைத் தோய்த்துக் காயப்போட்டார்கள். 2005இல் தொடங்கிய 'கலக்கப்போவது யாரு', அப்புறம் சன் டிவியின் 'அசத்தப்போவது யாரு' - மாமாவின் காமெடி வரலாறு இத்துடன் முற்றிற்று. அதன்பின் வந்ததெல்லாம் பிற்சேர்க்கை.

"சிவகார்த்திகேயன் கலக்கப்போவது யாருல வந்து நின்ன அன்னிக்கே சொன்னேன், இவன் எங்கியோ போவான்னு" என்பார். யாரிடம் சொன்னார் என்று கேட்டால் பதில் இருக்காது. அப்போது வீட்டில் ஆடுகள் மட்டும்தான் இருந்திருக்க வேண்டும். அவை இப்போது சாட்சி சொல்லும் நிலையில் இல்லை.

ஸ்டாண்டப் என்றால் மாமாவுக்கு ஆகாது. ஆனால் ஒன்று விடாமல் பார்ப்பார். செல்போனில் சிக்னல் நிற்கும் மேட்டில் உட்கார்ந்து, நகரத்துப் பையன்கள் ஃபிளாட்டில் தண்ணி வராததையும் டிராஃபிக்கில் மாட்டியதையும் பேசுவதைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார். "லிஃப்ட் நின்னுபோச்சாம். அதுக்கு அரை மணி நேரம் பேசறான். இங்க கடைசி பஸ்ஸ விட்டவன் ஒருத்தன மேடையேத்து பாப்போம்!" அலெக்சாண்டர் பாபுவுக்கு மட்டும் விதிவிலக்கு. 2019இல் அமேசான் பிரைமில் வந்த 'அலெக்ஸ் இன் வண்டர்லேண்ட்' பார்த்தபோது புருவம் இரண்டு முறை ஏறியதாகக் கடைக்காரர் சொல்கிறார். காரணம் கேட்டால், "அவன் பாடறான். பாட்டும் நக்கலும் சேர்ந்தாதான் நம்ம சரக்கு" என்பார்.

அங்கிருந்து நேராகத் தெருக்கூத்துக்குப் போய்விடுவார். அவர் கணக்கில் உலகத்தின் முதல் ஸ்டாண்டப் ஆள் கட்டியங்காரன். ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் தயாராகும்போது முன்னால் வந்து ஊர் வம்பெல்லாம் பேசி, ராஜா வந்ததும் அவரையே "நீ யாருய்யா?" என்று நிற்கவைத்துக் கேட்பவன். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல். அடுத்த இடம் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு: 1949இல் வந்த 'நல்லதம்பி'யில் நந்தனார் கதையைக் கிந்தனார் கதையாக்கி, சிரிக்கச் சிரிக்கப் படிப்பின் அருமையைச் சொன்ன காலட்சேபம். மூன்றாவது இடம் காலி. அந்த இடத்துக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கக் கூடாது என்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் அவருடைய அம்மா ஒரே வரியில் தீர்ப்பை மாற்றிவிடுவார்: "கூத்து பாக்க ஆளில்லாம போனதே உன் பொட்டி வந்ததாலதான்டா." மாமாவுக்கு அப்போது மட்டும் அவசர வேலை வந்துவிடும்.

காமெடி தூங்கும் வேளையில் ராக் எழும். மாமா சில வருஷம் பெங்களூரில் ஒரு சவுண்டு சர்வீஸில் பெட்டி தூக்கியவர். 2011 அக்டோபர் 30 அன்று பேலஸ் கிரவுண்டில் மெட்டாலிகா வாசித்தபோது அங்கே இருந்தார். ஸ்பீக்கருக்கு முன்னால் அல்ல, பின்னால். அங்கே கேட்டதெல்லாம் 'தும் தும்' என்கிற பேஸ் மட்டும்தான். ஆகவே ராக் இசை குறித்த அவருடைய கொள்கை முழுவதும் அந்தப் பின்பக்கத்திலிருந்து பிறந்தது: "ராக்குன்னா பேஸ். பாடறவன், முடிய ஆட்டறவன் எல்லாம் மேக்கப்பு." இளையராஜா பாட்டு ஓடினாலும் வரிகளைக் கேட்க மாட்டார்; அடியில் பேஸ் கிட்டார் போகும் வழியிலேயே போவார், தலை மட்டும் ஆடும். 2018இல் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறி கானாவையும் ராப்பையும் கிட்டாரையும் பறையையும் ஒன்றாகக் கலந்தபோது முழு மார்க் கொடுத்தார். "இது ஸ்பீக்கருக்கு எந்தப் பக்கம் நின்னாலும் கேக்கும்" என்பது அவர் வழங்கிய உச்சபட்சப் பாராட்டு.

இவ்வளவு தெளிவு இந்த மலையில் எப்படி வாய்த்தது என்று ஒரு தடவை வெளியூர் வாத்தியார் கேட்டுவிட்டார். மாமா காவலூர் திசையைக் காட்டினார். இதே ஜவ்வாது மலையில்தான் 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் வானம் பார்க்கிறது. "ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு வேணும்னு விஞ்ஞானிங்களே தேடி வந்த மலை சார் இது. நட்சத்திரம் பாக்கணும்னாலும் மேல வரணும், நல்ல ஜோக்கு எதுன்னு தெரியணும்னாலும் மேல வரணும்." வாத்தியார் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அவர் ஜோக் சொல்லவில்லையே.

போன பள்ளி ஆண்டு விழாவில் எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் மிமிக்ரி செய்தான். ரஜினி வந்தார், வடிவேலு வந்தார். மூன்றாவதாக, ஒரு பெஞ்சு, ஒரு டீ கிளாஸ், ஏறுகிற இடது புருவம். "அந்தக் காலத்துல..." என்று அவன் இழுத்ததும் மொத்த ஊரும் எழுந்து நின்று சிரித்தது. அன்றுதான் முதல்முறையாக யாரும் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சிரித்தார்கள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

விழா முடிந்ததும் மாமா மேடைக்குப் பின்னால் போனார். பையன் நடுங்கிவிட்டான்.

"குரல் சரியா வந்துது. கிளாஸ வெக்கறப்ப மட்டும் அவசரப்பட்டுட்ட. வெச்சிட்டு ரெண்டு செகண்டு சும்மா இருக்கணும். அந்த ஆளு அப்படித்தான் பண்ணுவான்."