பூநகரிக்கு வாருங்கள், கம்பனி ஐயாமாரே!

கூகுள், மைக்ரோசொப்ட், அமேசன் ஆகிய கம்பனிகளின் மேன்மை தங்கிய முதலாளிமாருக்கு, கிளிநொச்சி மாவட்டம் பூநகரியிலிருந்து பணிவான ஓர் அழைப்பு.

உங்கள் கஷ்டம் எங்கள் காதிலும் விழுந்தது. தரவு மையங்களுக்கு மின்சாரம் போதாமல் அலைகிறீர்களாமே. 1979 இல் விபத்து நடந்து உலகத்தையே நடுங்கவைத்த இடம் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அங்கே 2019 இல் மூடிய பக்கத்து உலையைத் தட்டி எழுப்பி, அதன் 835 மெகாவோட்டையும் 20 ஆண்டுக்கு வாங்கிக்கொள்ள மைக்ரோசொப்ட் 2024 இல் ஒப்பந்தம் எழுதியது. அமேசன் 650 மில்லியன் டொலர் கொடுத்து, ஓர் அணுமின் நிலையத்தின் வேலியோரத்து மையத்தையே வாங்கிக்கொண்டது. கூகுள் இன்னும் கட்டாத சிற்றணு உலைகளின் மின்சாரத்துக்கு இப்போதே கையெழுத்து வைத்திருக்கிறது. அயர்லாந்தில் 2023 இல் தரவு மையங்கள் இழுத்த மின்சாரம் 21 வீதம். நகரத்து வீடுகள் எல்லாம் சேர்ந்து எரித்தது 18 வீதம். நகரத்துச் சனம் குடியிருக்கும் வீடுகளை விட நீங்கள் பெட்டி அடுக்கிய கட்டடங்களுக்குக் கூடக் கரண்ட் வேண்டியிருக்கிறது. வீட்டில் நாலு லைட்டைப் போட்டால் அது வீண்செலவு. நீங்கள் ஒரு நாட்டில் ஐந்தில் ஒரு பங்கை இழுத்தால் அது முன்னேற்றம்.

ஏன் இந்த அலைச்சல்? இங்கே வாருங்கள்.

காற்றுக்குப் பஞ்சமில்லை. வைகாசி பிறந்தால் சோளகம் தொடங்கிவிடும். பெண்களின் தலையில் சேலைத் தலைப்பு நில்லாது. பளையில் 2014 முதல் காற்றாலைகள் சுற்றுகின்றன. இந்தக் காற்றைக் கேள்விப்பட்டுத்தான் இந்தியாவின் அதானி கம்பனியும் வந்தது. மன்னாரில் 250, பூநகரியில் 234, மொத்தம் 484 மெகாவோட். முதலீடு 442 மில்லியன் டொலர். கேள்விப்பத்திரம் என்ற தொல்லையே இருக்கவில்லை.

2022 யூனில், போட்டி விலைமனுக் கட்டுப்பாட்டை நீக்கும் மின்சாரச் சட்டத்திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. மறுநாள் பாராளுமன்றத்தின் கோப் குழுவின் முன் மின்சார சபைத் தலைவர் ஒரு கதை சொன்னார்: இந்தியப் பிரதமர் நெருக்குகிறார், அதானிக்குக் கொடுங்கள் என்று ஜனாதிபதி தன்னிடம் சொன்னாராம். ஜனாதிபதி மறுத்தார். தலைவர் தான் உணர்ச்சிவசப்பட்டுப் பொய் சொல்லிவிட்டதாகச் சொல்லை மீளப்பெற்றார். சில நாளில் கதிரையையும் விட்டு எழுந்தார். இந்த நாட்டில் உணர்ச்சிவசப்பட்டவர் பொய் சொல்வார். நிதானமாக இருப்பவர் ஒப்பந்தம் போடுவார்.

அந்த நிதானத்தின் விலை ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 ஆண்டுக்கு. மன்னாரில் வேறொரு 50 மெகாவோட்டுக்கு முறையாகப் போட்டி வைத்தபோது, உள்ளூர்க் கம்பனி ஒன்று 4.65 சதத்துக்கு இறங்கியது. வீசுவது அதே காற்றுத்தான். புதிய அரசாங்கம் விலையைக் குறைக்கச் சொன்னதும் 2025 பெப்ரவரியில் அதானி மரியாதையாகக் கடிதம் எழுதிவிட்டு விலகிக்கொண்டது. அதே கிழமைதான் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று மின்சக்தி அமைச்சர் விளக்கம் சொன்னார். குரங்கு பின்னர் அறிக்கை விட்டு எதையும் மறுக்கவில்லை. அந்தளவில் அது கண்ணியமான பிராணி.

எட்டு மாதம் போனது. ஒக்ரோபரில் அதே அதானி குழுமம், கூகுள் ஐயா, உங்களோடு விசாகப்பட்டினத்தில் தோளோடு தோள் நின்றது. ஐந்து ஆண்டில் 15 பில்லியன் டொலர், ஆயிரம் மெகாவோட் அளவுக்கு வளரும் தரவு மையம். இலங்கை முழுவதும் விளக்குவைக்கும் நேரத்தில் கேட்கும் மின்சாரமே ஏறத்தாழ 3,000 மெகாவோட்டுக்குள் அடங்கிவிடும். அப்படி மூன்று மையம் இங்கே கட்டினால் நாடு முடிந்தது. பரவாயில்லை, நீங்கள் பாவியுங்கள்.

இருட்டு எங்களுக்குப் புதிதல்ல. போரால் 1990 இலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டு தேசிய மின்கம்பி இல்லாமல் வன்னி வாழ்ந்தது. பற்றரிக்கும் தடை, எரிபொருளுக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் ஓ.எல். சோதனைக்குப் படித்தார்கள், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். உங்கள் மையங்களுக்கு அவசரத்துக்கு டீசல் ஜெனரேற்றர்கள் வரிசையாக நிற்க வேண்டுமாம். வீண்செலவு. எங்களை வரிசையாக இருத்தினால் மிதித்துத் தருவோம். இந்த மாவட்டத்தில் வேறு வேலை வாய்ப்பும் அதிகம் இல்லை. கட்டி முடிந்த பிறகு உங்கள் மையத்தில் ஆட்கள் கொஞ்சம்தான் தேவை என்பதும் தெரியும். பட்டம் முடித்த எங்கள் பெடியளுக்கு வாசலில் செக்கியூரிட்டி வேலை ஒதுக்கினால் போதும். காவலரணைப் பார்த்தே வளர்ந்தவர்கள், பழக்கித் தரத் தேவையில்லை.

தண்ணீரா? உங்கள் இயந்திரங்கள் சூடாகும், அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று அறிவோம். கூகுளின் மையங்களும் அலுவலகங்களும் 2023 இல் மட்டும் குடித்தது ஏறத்தாழ 2,300 கோடி லீற்றர். பூநகரியில் கிணறுகள் உவர். கோடையில் பௌசர் வரும் நாளைப் பார்த்துக் குடத்தோடு நிற்கிறோம். இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக ஒரு திட்டம் போட்டார்கள். சிறுபோகம் செத்துவிடும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்க நிலையம் கட்ட வேண்டி வந்தது. சொந்தச் சனத்தின் தொண்டைக்கே கணக்குப் பார்த்த தண்ணீர் அது. அதனால் கமக்காரரிடம் கேட்காதீர்கள். கொழும்பில் கேளுங்கள். குளத்தைக் கண்ணால் காணாதவர்கள் எப்போதும் தாராளமாகக் கொடுப்பார்கள்.

காணியையும் அங்கேயே கேளுங்கள். 2025 மார்ச் 28 இல் ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர். அதில் முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515. மூன்று மாதத்துக்குள் உரித்தை நிரூபி, இல்லையேல் அரச காணி. உறுதியை எங்கே தேடுவது? சிலருடையது எரிந்த வீட்டோடு போனது, சிலருடையது தறப்பாள் கொட்டிலில் மழையில் ஊறிப் போனது, இன்னும் சிலருடையதை மடியில் கட்டியிருந்தவரே திரும்பி வரவில்லை. ஊர் கத்தியது, வழக்குப் போனது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அதன்பிறகே அரசாங்கம் அதைத் திருப்பி எடுத்தது. ஆனால் யோசனை செத்துப்போகவில்லை. கேப்பாப்புலவுச் சனம் தங்கள் சொந்த வளவைக் கேட்டு இராணுவ முகாமின் வாசலில் 2017 மார்ச்சில் குந்தியது. அவர்களுக்கு ஆண்டுக் கணக்கில் பதில் “பரிசீலிக்கிறோம்”. உங்களுக்கு ஓர் அமைச்சரவைப் பத்திரம் போதும்.

இனி உங்கள் சரக்குக்கு வருவோம். நீங்கள் தரவை அழியவிட மாட்டீர்கள் என்கிறார்கள். ஒருவன் நேற்றுத் தின்ற கொத்துரொட்டியின் படத்தைக் கூட இரண்டு மூன்று இடத்தில் பிரதி எடுத்துப் பாதுகாப்பீர்களாம். எங்களிடமும் கொஞ்சம் தரவு இருக்கிறது. போரின் கடைசிக் கட்டத்தில், 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில், கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 யூலைக்குள் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். கழித்துப் பாருங்கள்: 146,679. இந்தக் கழித்தலை மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 சனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்து, இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். நாலாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு. இதற்கு செயற்கை நுண்ணறிவும் வேண்டாம், அணு உலையும் வேண்டாம். அரசாங்கத்திடம் இருக்கும், சரணடைந்தவர்களின் பட்டியலைத் திறந்தால் போதும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் தெருவோரம் குந்திய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கேட்டது அதைத்தான். பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். மின்சாரம் இல்லாத குறையால் அந்தப் பட்டியல் மறைந்து கிடக்கவில்லை.

ஆகவே ஐயாமாரே, வருவதென்றால் வாருங்கள். ஆனால் கொழும்பில் கைகுலுக்கிய படத்தைக் கொண்டு வராதீர்கள். கேள்விப்பத்திரம் வைத்துப் பெற்ற விலையைக் கொண்டு வாருங்கள், தமிழில் அச்சடித்து. எந்தக் குளத்தில் எத்தனை லீற்றர் எடுப்பீர்கள் என்று கமக்கார அமைப்பின் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். காணிக்காரரின் கையெழுத்தை அவரவர் முற்றத்தில் வாங்குங்கள். முதல் மின்கம்பி எங்கள் வீடுகளுக்கு, இரண்டாவது உங்கள் பெட்டிகளுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இதெல்லாம் முதலீட்டுக்கு இடைஞ்சல் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அவரிடம் ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள்: முகாம் வாசலில் ஆண்டுக் கணக்காகக் குந்தியிருக்கத் தெரிந்த சனத்துக்கு, ஒரு கம்பனியின் வாசல் எவ்வளவு தூரம்?