சக்கர விருத்தியும் வேகமானியின் சத்தியமும்: ஓர் ஆராய்ச்சி

வேகமானி வேகத்தை அளப்பதில்லை என்பதை, இத்துறையில் இதுகாறும் எழுதப்பட்ட, இனி எழுதப்படவிருக்கும் நூல்கள் அனைத்திற்கும் மறுப்பாக முதற்கண் நிறுவுவோம். 1902இல் ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை பெற்ற முறைப்படி, கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, சுருள்வில் அதனைத் தடுக்க, இவ்விழுபறியில் முள் நின்ற இடமே வேகமென்று ஓதப்படுகிறது. இக்காலத்து மின்னணு மீட்டரும் சுற்றை எண்ணுமேயன்றிச் சாலையைக் கண்டதில்லை.

டயர் மாற்றம் நால்வகைப்படும்.

1. அதே அளவு: ஆராய ஒன்றுமில்லை, ஆகவே டாக்டர் பட்டத்துக்கு மிகவும் உகந்தது.

2. சிறிய டயர்: முள் பறக்கும்; வண்டி தவழும்.

3. தேய்ந்த டயர்: 8 மில்லிமீட்டர்ப் பள்ளம் 1.6 ஆகத் தேய்ந்தால் விட்டத்தில் 12.8 மில்லிமீட்டர் போய்விடும். மீட்டர் சற்றே மிகைபாடும்.

4. பெரிய டயர்: இதுவே நம் சாஸ்திரத்தின் ஜீவநாடி.

145/80 ஆர் 12 அளவுடன் வந்த ஆல்டோ காருக்கு, அழகு கருதி 145/80 ஆர் 13 பூட்டுகிறார் ஒருவர் என்க. விட்டம் 536.8 மில்லிமீட்டரிலிருந்து 562.2 ஆகிறது, ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 8 சென்டிமீட்டர் கூடுதலாகப் போகிறது, சரியாக இருந்த மீட்டர் 80 காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 84. கிலோமீட்டர்க் கணக்கும் குறைவதால், 'மைலேஜ் விழுந்துவிட்டது' என்று மெக்கானிக்கை நோகிறார். வண்டியை விற்கும் நாளில் அதே குறைவை மௌனமாகப் போற்றுகிறார்.

இவருக்குப் பிரமாணம் யாது? பிரத்தியட்சம் முள், அனுமானம் கைக்கடிகாரமும் மைல்கல்லும், ஆப்த வாக்கியமோ டயர்க் கடைக்காரர் அருளிய 'ஒண்ணும் ஆகாது சார்' என்பது. இது டயரைக் குறித்தது என்பர் பஞ்சர்க் கடை மரபினர். காரைக் குறித்தது என்பர் பெயர் தெரியாத பழைய உரைகாரர். கடைக்காரர் தமக்கு ஒன்றும் ஆகாது என்றே சொன்னார் என்பது, கரையான் அரித்த ஒரு பில் புத்தகத்தின் ஓரத்தில், க்ரீஸ் கறைக்கு அடியில், கார்பன் தாளின் மறுபுறம் கிடைத்த குறிப்பு. இம்மூன்றாம் பாடமே மூலபாடமென்பது நம் துணிபு.

'நான்கு கிலோமீட்டர் ஒரு பிழையா?' எனப் புலவர் சிலர் நகைக்கலாம். ஒரு கவிஞரின் காலத்தை இருநூறு ஆண்டு முன்னும் பின்னும் தள்ளிவைத்து நிம்மதியாக உறங்குவோர்க்கு அது பிழையன்றுதான். ஐக்கிய நாடுகளின் 39ஆம் வாகன விதியோ, மீட்டர் மிகையாகக் காட்டலாம், உண்மை 80 ஆனால் 92 வரைகூட; குறைத்து மட்டும் ஒருபோதும் காட்டலாகாது என்கிறது. பெரிய டயர் அக்காப்பைத் தின்றுவிடுகிறது.

சாலையோரக் கேமரா உங்கள் முள்ளைப் படிப்பதில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் உரிய டயர் அளவு அங்கே ஒட்டப்பட்டிருக்கும். அன்பர்காள், ஆய்வுரைகளை, இஃது உட்பட, ஒதுக்கிவிட்டு அவ்வொரு வரியைப் படித்தபின் கடைக்குப் போங்கள்.