ஒரு ஹெரால்டின் ஜீர்ணோத்தாரணம்

பழைய மோட்டார் வண்டிகளைப் புதுப்பிப்பது பற்றி மேலை நாட்டார் எழுதும் நூல்கள் குளிர்காலத்தையே முதற்பகையாகக் கொள்வது வழக்கம். அந்நாடுகளில் சாலையில் உறைந்த பனியை உருக்க உப்பைத் தூவுவர். உப்புக் கலந்த நீர் எளிதில் உறையாது என்பதே இதன் அடிப்படை. உறையாத அந்நீரைச் சக்கரங்கள் வாரியடிக்க, அது வண்டியின் அடிவயிற்றில் தங்கி இரும்பு துருவாகும் வினையை விரைவுபடுத்துவதால், பத்துக் குளிர்காலம் கண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மேலே மாப்பிள்ளைக் களையோடும் கீழே சல்லடையாகவும் விளங்கும். இக்கொள்கையைத் திண்டுக்கல்லுக்குப் பொருத்துவதானால் சில திருத்தங்கள் வேண்டியிருக்கின்றன. இங்கே குளிர்காலம் என்பது மார்கழியில் விடியுமுன் தொடங்கிக் காலை ஏழு மணிக்கு முடிந்துவிடுவதும், மப்ளரையும் குரங்குக் குல்லாயையும் கண்டால் மட்டுமே அறியப்படுவதுமான ஒரு பருவம். உப்பும் இவ்வூரில் சாலைக்குப் போவதில்லை. தோல் பதனிடும் ஊராதலால், பச்சைத்தோல் அழுகாதிருக்க அதன்மேல் அப்பப்படுகிறது. ஆகவே இங்கே ஒரு கார் துருப்பிடிக்க வேண்டுமானால் அது மலையேறியாக வேண்டும்.

நாகல் நகரின் சந்து ஒன்றில், வேப்பமரத்தடியில், 14 ஆண்டுகள் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவ்வாறு மலையேறிய வண்டியே. அதை ஸ்போர்ட்ஸ் கார் எனக் கொள்ளலாமா என்னும் வினாவுக்கு முதலில் விடை காண வேண்டும். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டை, இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்தார். அதன் சேஸ், அதாவது உடலைத் தாங்கும் இரும்புச் சட்டம், சற்றுக் குறுக்கப்பட்டு 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அதே ஹெரால்டு 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தாரால் தயாரிக்கப்பட்டது. கவன்ட்ரி ஹெரால்டு ஸ்பிட்ஃபயருக்குத் தாய் என்றால், சென்னை ஹெரால்டு சித்தி முறை ஆகிறது. சித்தியும் தாய்க்குச் சமம் என்பது நம் குடும்ப வழக்கு. சோழவரம் விமானத்தளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடியிருப்பதால் இம்முறை வெறும் வாய்ச்சொல்லும் அன்று. நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு கதவே இலக்கணம் என வாதிடுவோர், மாமியாரையும் இரண்டு நாத்தனார்களையும் ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போயறியாதவர்கள்.

இங்கு ‘உரிமையாளர்’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறிவிடுவது முறை. வண்டிக்காகக் கடன் வாங்கியவர், அதை வீட்டில் மறைத்தவர், மறைத்தது தெரிந்த பின்னும் அடுத்த கடன் வாங்கியவர் என்பது அதன் பொருள். இவ்வுரிமையாளரும் இக்கட்டுரையை எழுதுபவரும் ஒரே குடும்ப அட்டையில் இடம்பெற்றவர்கள் என்பதால், அவரைப் பற்றிய செய்திகள் நம்பத்தக்கவை. அவரைப் பற்றிய புகழுரைகளை மட்டும் வாசகர் தள்ளிப் படிக்கலாம்.

வண்டி அவருக்கு மாமனார் வழியாக வந்தது. மாமனார் மலைப்பூண்டு வியாபாரி. பன்னிரண்டு ஆண்டுகள், ஐப்பசி தொடங்கித் தை முடிய, வத்தலக்குண்டு மலைப்பாதை வழியே 2,000 மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலுக்கு ஏறி, மழையிலும் மூடுபனியிலும் நனைந்து, சேறு பூசிக்கொண்டு இறங்கிய அந்த ஹெரால்டைக் கழுவும் வழக்கம் அவருக்கு இருந்ததில்லை. நாளைக்கும் மலைக்குத்தானே போகிறது என்பது அவர் வாதம். சக்கரத்தின் மேல்வளைவுக்குள் அப்பிய சேறு, ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும் ஒத்தடத் துணி போன்றது. வெளித்தகடு உலர்ந்து பளபளக்கும்போதே உள்தகடு கரைந்துகொண்டிருக்கும். இறுதியில் ஒரு நாள், “வச்சுக்கங்க மாப்ள, ஒரு தட்டுத் தட்டுனா ஓடும்” என்று அவர் மருமகனிடம் கொடுத்தார். சாவியைக் கொடுக்கவில்லை, அது முன்பே தொலைந்திருந்தது.

சாவி தொலைந்த செய்தி வேறு ஊரில் ஓர் இடையூறாக இருந்திருக்கும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் இன்ன ஊருக்கே உரியது என்னும் சட்டச் சான்று, கிடைத்தது. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு உள்ளிட்ட வகைகளைக் கையாலேயே செய்யும் தொழிலாளர்கள் நாகல் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கின்றனர். அவர்களுள் முதியவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் வெட்டுப் போடாத தகடு ஒன்றை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கரியாக்கி, கதவுத் துளையில் நுழைத்து, விரல் நுனியால் இலேசாகத் திருகி, வெளியே எடுத்துக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். கரி அழிந்து மினுங்கிய இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடியும் புகை, மறுபடியும் திருகல். பதினோராம் முறை பூட்டு ‘டக்’ என்று திறந்தது. 14 ஆண்டு மழை வெயிலில் நின்றும் அந்தப் பூட்டில் பழுதில்லை என்று அவர் வியந்து பாராட்டினார். வேறோர் ஊரில் செய்த பூட்டைப் புகழ்வதைத் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியிடம் எளிதில் எதிர்பார்க்க முடியாது.

கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

நான்கு கதவுகளும் பூட்டியிருக்க, கண்ணாடிகள் ஏற்றியிருக்க, கோழி உட்புகுந்த வழியை ஆராய்ந்ததில் ஓட்டுநர் இருக்கையின்கீழ் தளமே இல்லை என்பது தெரிந்தது. கால்விரிப்பைத் தூக்கினால் வேப்பம்பழமும் மண்ணும் நேரடியாகக் காணக் கிடைத்தன. சில மாதங்களாக முட்டை காணாமல் போவதற்கு எதிர்வீட்டார் யாரைச் சந்தேகித்து வந்தனர் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆயினும் பூட்டு உறுதியாகவும் தளம் இல்லாமலும் இருந்த அந்நிலை, இவ்வூர்த் தொழிலறிவுக்கு நேரிட்ட ஒரு சவாலாகவே கருதப்பட்டது.

ஜீர்ணோத்தாரணம், அதாவது கோயிலைப் புதுப்பித்தல், தொடங்குமுன் மூலவரின் ஆற்றலைத் தற்காலிக இடத்துக்கு மாற்றுவதைப் பாலாலயம் என்பர். ஹெரால்டுக்குப் பாலாலயமாக அமைந்தது ரயிலடிக்கு அருகிலுள்ள ஒரு பட்டறை. ஹெரால்டில் முன்பக்க உறை முழுவதும், மட்காடு விளக்கு அனைத்துடனும், முதலை வாய் பிளப்பதுபோல் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். அதற்குச் சாவி கிடையாது, இரு பக்கமும் வெளியே உள்ள கொக்கிகளை நிமிர்த்தினால் போதும். எனவே மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் முக்காலிபோல் அமர்ந்து, டீக்கிளாஸைப் பேட்டரிமேல் வைத்து, வேலையைத் தொடங்க முடிந்தது. 948 சி.சி. இன்ஜின், அதாவது நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து ஒரு லிட்டர் பால் பாத்திரத்தைக்கூட நிரப்பாத கொள்ளளவு, துருவுக்கு ஆட்படாமல் இருந்தது. பூண்டு வாசம் மட்டும் அதுவரை எட்டியிருந்தது.

சேஸின் கதை வேறு. ஹெரால்டு வடிவமைக்கப்பட்ட காலத்தில், ஒரே கூடாக அமைந்த உடலைச் செய்து தரக்கூடிய தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், கவன்ட்ரிக்காரர்கள் பழைய முறைப்படி தனிச் சட்டம் செய்து, அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் வைத்து முடுக்கினர். நடுச் சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் விலா எலும்புகள் போன்ற கைகளே உடலைத் தாங்குகின்றன. துரு முதலில் தின்பதும் அவற்றையே. மெக்கானிக் திருப்புளியால் மெதுவாகக் குத்த, திருப்புளி பிடிவரை இறங்கியது. “சேஸ் அப்பளம் சார்” என்ற அவருடைய கூற்று, மேலை நாட்டு நூல்கள் மூன்று அத்தியாயங்களில் விளக்குவதை முழுமையாக விளக்கிவிடுகிறது. இதனை அடுத்து டிங்கரிங், அதாவது தகட்டைத் தட்டியும் வெட்டியும் ஒட்டியும் உருக்கொடுத்தல், நிகழ வேண்டும். அதன்பின் பட்டி பார்த்தல்; டிங்கர் செய்த பிழையைப் பெயின்டர் மறைக்கும் கலை இது.

தளத்துக்கான தகடு எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்த ஜீர்ணோத்தாரணத்தின் தனிச்சிறப்பு அடங்கியிருக்கிறது. பூட்டைப் போலவே இரும்புப் பெட்டிக்கும் திண்டுக்கல் பெயர்பெற்றது. நகையடகுக் கடைகளில் சுவரோடு சேர்ந்து நிற்கும் அப்பெட்டிகளைச் செய்யும் ஒருவர், பூட்டுத் தொழிலாளியின் சம்பந்தி என்னும் முறையில், கோழி விவரம் கேள்விப்பட்டுத் தாமாகவே முன்வந்தார். கார்த் தொழிற்சாலைகள் தளத்துக்கு இடும் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. இது அவருக்கு ஒழுக்கக்கேடாகப் பட்டது. அவர் தம் முறைப்படி தகடு தேர்ந்து, தம் முறைப்படி பற்றவைத்து, இனி எந்தக் கோழியும், எந்தக் கள்வனும், கேஸ் கட்டர் இன்றிக் கீழ்வழியாக நுழைய முடியாது என உறுதியளித்தார். தோல் பதனிடும் ஊரில் இருக்கைகளுக்கு ரெக்சின் தைக்கப்பட்டது. இதற்குக் காரணம் விலை என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

ஆவண நிலையும் ஒரு சொல் பெறத்தக்கது. திண்டுக்கல் 1985இல்தான் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது என்பதால், வண்டியின் ஆர்.சி. புத்தகம் மதுரைக் குடிமகனாகவே அதனைக் காட்டிற்று. 2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியை 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ், அதாவது தொன்மை வாகனம், எனப் பத்தாண்டுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் சேஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருத்தலாகாது. அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டலும் ஆகாது. இரண்டாம் நிபந்தனையை ஹெரால்டு 14 ஆண்டுகளாகப் பிசகாமல் கடைப்பிடித்து வந்திருந்தது. முதல் நிபந்தனையைப் படித்தபோது உரிமையாளர் இரும்புப் பெட்டியை நினைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு, சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டார்.

கும்பாபிஷேகத்துக்கு மார்கழி ஆகாது என்று வீட்டில் சொல்லப்பட்டதையும் மீறி, மார்கழியிலேயே வெள்ளோட்டம் குறிக்கப்பட்டது. பழைய பாதையிலேயே கொடைக்கானலுக்கு ஏறி, மாமனாருக்கு ஒரு மூட்டை மலைப்பூண்டு வாங்கி வருவது திட்டம். செம்பட்டி வரை வண்டி நன்றாகவே ஓடியது. வத்தலக்குண்டுக்கு முன் வந்த சிறிய பாலத்து ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கும் முதல் கியருக்கும் நகர்ந்து, பின் எந்தக் கியருக்கும் நகராமல் நின்றது. 948 சி.சி.யின் சுமார் 35 குதிரைகளும் ஓர் அடகுக்கடையின் தரையை மலைக்கு இழுக்க மறுத்தன. மலை இன்னும் தொடங்கவே இல்லை.

இத்தகைய நேரங்களில் பெயர்களே மனிதனுக்குக் கைகொடுக்கின்றன. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, அம்மையநாயக்கனூரில் உள்ள ரயில் நிலையத்துக்குக் ‘கொடைக்கானல் ரோடு’ என்று பெயர். கொடைக்கானலிலிருந்து அது சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, முற்றிலும் சமவெளியில் இருக்கிறது. பெயர்ப்பலகையில் கொடைக்கானல் என்று தெளிவாக எழுதியிருப்பதால், வண்டி கொடைக்குப் போயிற்று என்று மாமனாரிடம் சொல்வது பொய்யாகாது என உரிமையாளர் தீர்மானித்தார். மாலைக்குள் ஹெரால்டு நிலையத்தின் முன் வந்து நின்றது. அவர் இறங்கி, பின்கதவுகளை உட்புறம் தாழிட்டு, முன்கதவுகளைக் கையால் செய்த சாவியால் பூட்டி, நான்கையும் இழுத்துப் பார்த்து, தளத்தைக் குனிந்து ஒருமுறை பார்த்து, பலகையின் கீழ் நின்று ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு, பன்னீர் திராட்சையும் டீயும் வாங்கப் போனார்.

திரும்பியபோது நான்கு கதவுகளும் பூட்டியபடியே இருந்தன. முன்பக்கம் மட்டும் முதலை வாயாகப் பிளந்து கிடக்க, சக்கரத்தின்மேல் ஒரு சிறுவன் அமர்ந்திருந்தான். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்று இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தனர். “கொக்கிய நிமித்துனேன், வந்துருச்சு சார்” என்றான் அவன், “உள்ள பூண்டு வாடை அடிக்குது.”