ஆண்டுக்கு 725 மீட்டர்

திருப்பூரில் ஓர் ஆர்டர் தாமதமானால் என்ன ஆகும் என்பது பனியன் கம்பெனி வாசலில் டீ விற்பவருக்குக்கூடத் தெரியும். ஒரு வாரம் தள்ளினால் பையர் டிஸ்கவுண்ட் கேட்பான். இரண்டு வாரம் என்றால் கப்பல் வேண்டாம், விமானத்தில் அனுப்பு, செலவு உன் தலையில் என்பான். அதற்கும் மேல் போனால் ஆர்டர் ரத்து. சரக்கு காதர்பேட்டையில் கிலோ கணக்கில் கிடக்கும்.

இதே ஊர்த் தொழிலாளிகளும் ஓர் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அட்வான்ஸும் கட்டினார்கள், மாதம் தவறாமல், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி. சரக்கின் பெயர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை.

சட்டம் 1948இல் வந்தது. திட்டம் 1955இல் கோயம்புத்தூரை எட்டியது. சிங்காநல்லூரில் ஆஸ்பத்திரி எழுந்தது. திருப்பூருக்கு? இரண்டு மருந்தகங்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கார்டுக்காரர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள், வயதான அப்பா அம்மா, எல்லாருக்கும் சேர்த்து இரண்டு. பெரிய வியாதி என்றால் கோவைக்கு 50 கிலோமீட்டர். இது எதிர்க்கட்சி நோட்டீஸில் வந்த கணக்கல்ல. திருப்பூர் மருத்துவமனையின் அடிக்கல் நாட்டு விழாவுக்கு மத்திய அரசே அச்சடித்த செய்திக் குறிப்பில் இருந்தது. இத்தனை காலம் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சாதனைப் பட்டியலில் சேர்க்கத் தனித் திறமை வேண்டும்.

மருந்தகம் மாநிலத்தின் பொறுப்பு, இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் மத்தியின் பொறுப்பு. இருவருக்கும் பொறுப்பு என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

விவசாயிக்கு ஆடிப் பட்டம் தெரியும், தைப் பட்டம் தெரியும். அரசாங்கத்துக்குத் தேர்தல் பட்டம். 2019 பிப்ரவரி 10, பெருமாநல்லூர் மேடையில் பிரதமர் மோடி 100 படுக்கை மருத்துவமனைக்குக் கல் விதைத்தார். இரண்டு மாதத்தில் ஓட்டுப் பதிவு. 2024 பிப்ரவரி 25, அறுவடை. மறுபடியும் இரண்டு மாதத்தில் ஓட்டுப் பதிவு. திறந்து வைத்தது குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்து, காணொலியில், நாடெங்கும் உள்ள 21 இ.எஸ்.ஐ. திட்டங்களோடு சேர்த்து ஒரே மூச்சில். இரண்டே நாள் கழித்து அவர் பல்லடத்துக்கு நேரிலேயே வந்தார். திருப்பூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். வந்தது ஆஸ்பத்திரிக்கல்ல, கட்சியின் நடைப்பயண நிறைவுக்கு.

கோவையிலிருந்து திருப்பூர் 50 கிலோமீட்டர். 1955இல் புறப்பட்ட மருத்துவமனை வந்து சேர 69 வருஷம். வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு 725 மீட்டர். டிஸ்கவுண்ட் கேட்க இங்கே பையர் இல்லை.

இடையில் ஒரு சலுகை. கல் நட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2019 ஜூலை 1 முதல் தொழிலாளியின் பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆனது, முதலாளியின் பங்கு 4.75லிருந்து 3.25 ஆனது. பன்னிரண்டாயிரம் வாங்கும் செக்கிங் பெண்ணுக்கு 210 ரூபாய் பிடித்தது 90 ஆயிற்று. சந்தோஷம். கட்டணம் குறைந்தால் இன்னும் நிறையப் பேர் கணக்குக்குள் வருவார்கள் என்றது அரசு.

கணக்குக்குள்ளா? ஏற்றுமதி விழா மேடையில் கேளுங்கள். இந்த ஊர் ஆறு லட்சம் பேருக்குச் சோறு போடுகிறது என்பார் ஒருவர். அடுத்தவர் எட்டு என்பார். மைக் கை மாற மாற லட்சம் ஏறும். ஏற்றுமதியும் 2024-25இல் ஏறக்குறைய 40,000 கோடியைத் தொட்டுவிட்டது. ஆனால் அடிக்கல் நாட்டியபோது இ.எஸ்.ஐ. குறிப்பில் இருந்தது 'ஒரு லட்சத்துக்கு மேல்'. மீதிப் பேர் எங்கே? காண்ட்ராக்டில், பீஸ் ரேட்டில், சந்துக்குச் சந்து பவர் டேபிளில். பத்துப் பேர் இருந்தால்தான் சட்டம் உள்ளே நுழையும். ஆகவே சில பட்டறைகளில் ரிஜிஸ்டரில் ஒன்பது பேர், தையல் மெஷின் பதினெட்டு.

அப்படி ஒரு பட்டறையில் ஒன்றரை ஷிப்ட்டின் கடைசி மணி நேரத்தைப் பாருங்கள். ஓவர்லாக் ஊசி ஒரு பெண்ணின் ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி உள்ளேயே முறிகிறது. கைமடி வேலை பார்க்கும் பிள்ளை ஓடிப்போய் கட்டிங் வேஸ்ட்டில் ஒரு துண்டு எடுத்துச் சுற்றுகிறாள். வெள்ளைத் துணி. ஜெர்மனிக்குப் போகும் துணி. சூப்பர்வைசர் பைக்கை எடுக்கிறார். நூறு படுக்கையுள்ள புது ஆஸ்பத்திரி இப்போது ஊரிலேயே இருக்கிறது. ஆனால் பைக் அந்தப் பக்கம் திரும்பாது. கார்டு கேட்பார்கள். கார்டு இருந்தால் கம்பெனி பெயர் கேட்பார்கள். தெருமுனை கிளினிக்கில் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஊசியை எடுத்து, ஒரு டிடி போட்டு, பில் கொடுப்பார்கள். சனிக்கிழமை சம்பளத்தில் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பிடித்தத்துக்குச் சட்டம் வேண்டாம், அடிக்கல் வேண்டாம். ஒரு நாள்கூடத் தாமதமும் ஆகாது.