ஆயில் பார்க்கும் அண்ணாச்சி

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சினுக்கு ஆயில் எப்போது மாற்றுவது என்று யாரையும் தேடிப்போய்க் கேட்க வேண்டாம். எஞ்சின் அறை மூடியைத் தூக்கினால் போதும், அண்ணாச்சி வந்துவிடுவார். அவருக்குப் படகு கிடையாது. ஒரு காலத்தில் பங்கு இருந்ததாம். அந்த எஞ்சின் என்ன ஆயிற்று என்று கேட்டால் பேச்சு இறால் விலைக்குப் போய்விடும்.

வந்ததும் கேஜ் கம்பியை உருவுவார். நுனியில் ஒட்டியதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். மோந்து பார்ப்பார். வெயிலில் நீட்டிப் பார்ப்பார். பிறகு தீர்ப்பு.

"கறுத்துப் போச்சுல. இன்னைக்கே மாத்து."

டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டினாலே கறுத்துவிடும். டீசல் எரிந்து வரும் கரியை உள்ளே படியவிடாமல் தன்னோடு சுமந்து திரியத்தானே அதில் மருந்து கலந்திருக்கிறார்கள்? இதை ஒரு டிரைவர் தம்பி சொல்லிப் பார்த்தான். "அப்போ வெள்ளையா இருந்தாத்தான் மாத்தணுமோ?" என்றார் அண்ணாச்சி. படகே சிரித்தது. பாவம், தான் சொன்னது சரி என்பது அவருக்கே தெரியாது. ஆயில் பால்காப்பி நிறத்துக்கு வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மாற்றினால் மட்டும் போதாது. தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிக்கும்வரை எஞ்சினை ஓட்டவே கூடாது.

லாரிக்குக் கிலோமீட்டர் கணக்கு, படகுக்கு மணிக்கணக்கு. விடியுமுன் போய் இரவு திரும்பும் படகில் எஞ்சின் நாளுக்குச் சுமார் 15 மணி நேரம் ஓடும். ஞாயிறு போக ஆறு நாளைக்கு 90. எஞ்சினோடு வந்த புத்தகத்தில் 250 மணி என்று போட்டிருந்தால், மூன்று வாரம் முடிவதற்குள் முறை வந்துவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குதான். ஆனால் ஹவர் மீட்டர் உப்புக்காற்றில் எந்தக் காலத்திலோ நின்றுபோயிருக்கும். ரிப்பேர் பார்க்கச் சொன்னால், "விரல் இருக்கையில மீட்டர் எதுக்குல?" என்பார்.

சீக்கிரம் மாற்றுகிறவனைப் பார்த்தால் "காசு கொழுத்துப் போச்சோ?" தள்ளிப்போடுகிறவனைப் பார்த்தால் "எஞ்சின் சீஸ் ஆவப்போவுது பாரு." இரண்டையும் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பதால், எந்த எஞ்சின் எப்படி நின்றாலும் "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

பழைய ஆயிலை வடிக்க எஞ்சினுக்கு அடியில் வாளி வைக்க இடமிருக்காது. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, கரியெல்லாம் கலங்கி நிற்கும்போதே கைப்பம்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும். முதுகு ஒடியும் வேலை. அந்த நேரத்தில் அண்ணாச்சி டீக்கடையில் இருப்பார். ஆயில் பில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பது அவருடைய சாஸ்திரத்திலேயே இல்லை. அதைத் தேய்த்துப் பார்க்க முடியாதே!

அவர் உச்சத்தில் இருப்பது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், படகெல்லாம் கரையில். கேட்க ஆளும் உண்டு, அவருக்கு நேரமும் உண்டு. "சும்மா கெடக்க எஞ்சினுக்கு எதுக்குப் புது ஆயில்? கடலுக்குப் போகும்போது மாத்திக்கிடலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடித் தேய்ந்த ஆயிலில் டீசல் எரிந்து உண்டான அமிலமும் ஈரமும் கிடக்கும். இரண்டு மாதம் அது பேரிங்கோடு தனியாக இருந்தால் அரித்துத்தான் வைக்கும். நிறுத்துவதற்கு முன்னால் மாற்றுவதுதான் முறை. இந்த ஒரு விஷயத்தில் அண்ணாச்சியின் வாக்கைக் கேட்டவர்கள் ஜூன் 15 அன்று மெக்கானிக் வீட்டு வாசலில் நிற்பார்கள். அங்கேயும் அண்ணாச்சி நிற்பார், ஆறுதல் சொல்ல.

போன சீசனில் எஞ்சின் கம்பெனி ஆள் ஒருவர் ஒரு படகுக்கு வந்து, அதன் எஞ்சினுக்கு 250 மணிக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார். அவர் போகும்வரை அண்ணாச்சி வாய் திறக்கவில்லை. போனதும், "ஆயில் விக்கவன் அப்படித்தாம்ல சொல்லுவான்" என்றார். மறுநாள் பக்கத்துப் படகில் மூடி திறந்தது. கேஜ் கம்பியை உருவி, தேய்த்து, மோந்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"என் அனுபவத்துல சொல்லுதேன், இருநூத்தி நாப்பது மணி. அதுக்கு மேல போவாத."